மழை அளப்பவளுக்குச் சாரதி

பதுளை பஸார் வீதியில் எனக்கொரு புத்தகக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை அப்படித்தான் சொல்கிறது. விற்பனையாவதென்னவோ அப்பியாசக் கொப்பி, கொப்பிக்குப் போடும் உறை, பசை, வண்ணப் பென்சில், பரீட்சைக் காலம் வந்தால் பழைய வினாத்தாள். பின்தட்டில் புத்தகங்களும் உண்டு. அவற்றுக்கு ஒரே வாசகன் நான், அதுவும் ஓசியில். இப்படியொரு கடையை விடாமல் நடத்துகிறவனுக்கு இலட்சியவாதி என்று ஒரு பெயர் உண்டு. வேறொரு பெயரும் உண்டு. என் மனைவி பாவிப்பது இரண்டாவதை.

எங்கள் மகன் கொழும்புக்கு வேலைக்குப் போனபின் காலியாகக் கிடந்த அறைக்கு என் அண்ணன் மகள் வந்து சேர்ந்தாள். அண்ணனுக்கு வெலிமடையில் உருளைக்கிழங்கு வியாபாரம். மகளுக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர் வேலை; அதோடு சேர்த்து மேற்படிப்பு ஆராய்ச்சி. வாடகைக்கு அறை கிடைக்கும்வரை ஒரு மாதம் தங்குவதாகப் பேச்சு. அறை இன்னும் கிடைக்கவில்லை. யாரும் தேடவும் இல்லை.

விஞ்ஞானி என்றால் நான் வாசித்த புத்தகங்களில் வெள்ளைக் கோட்டும், கையில் கண்ணாடிக் குழாயும், வாரப்படாத தலையுமாக இருப்பார்கள். இவளிடம் மூன்றாவது மட்டும் இருந்தது. ஆராய்வது பசறைப் பக்கத்து மலையொன்றின் மண்ணையும் மழையையும். வந்த முதல் வாரமே எங்கள் ஃபிரிஜ்ஜில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் மண் பொதிகள் குடியேறின. அடுத்த வாரம் என் மனைவியின் கேக் அடுப்பும் போனது. மண்ணை நிறுத்து, அடுப்பில் வைத்து, ஈரம் முழுக்கப் போகும்வரை காயவைத்து, மறுபடி நிறுப்பாள். குறைந்த எடைதான் அந்த மண்ணில் இருந்த தண்ணீர். இதைக் கண்டுபிடிக்க எங்கள் மின்சார பில்லில் பாதி போயிற்று. ஒருநாள் வீட்டுக்கு வந்த விருந்தாளி, "என்னங்க அடுப்புல? வாசமா இருக்கே" என்று கேட்டார். "பசறை" என்றாள் என் மனைவி. மனிதர் அது ஏதோ புதுவகைப் பிஸ்கட் என்று எண்ணி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அவளுடைய நாளைப் பார்த்தால் எனக்குக் களைப்பாக இருக்கும். காலையில் விரிவுரை, மதியம் செய்முறை வகுப்பு, பின்னேரம் திருத்துவதற்கு ஒரு கட்டு விடைத்தாள், இடையில் யாருக்கோ ஓர் அறிக்கை, அந்த அறிக்கை ஏன் தாமதம் என்று இன்னோர் அறிக்கை. இடியப்பத்தை நின்றுகொண்டே சாப்பிடுவாள். காற்சட்டைப் பையைத் துவைக்குமுன் தடவிப் பார்க்க வேண்டும், திருகாணி இருக்கும். அந்த வயதுப் பிள்ளைகள் போனை எடுத்து எடுத்துப் பார்த்துச் சிரித்தால் வீட்டில் பெரியவர்கள் யார் அந்தப் பையன் என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். இவளும் எடுத்து எடுத்துப் பார்ப்பாள், சிரிக்கவும் செய்வாள். எட்டிப் பார்த்தால் ஒரு கோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மழைக் கணக்கு.

அண்ணி வெலிமடையிலிருந்து என் மனைவிக்குப் போன் எடுத்துப் புலம்புவார். மாப்பிள்ளை வீட்டார் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்கிறார்களாம், என்ன பதில் சொல்வதாம்.

"மழை அளக்குதுன்னு சொல்லுங்கக்கா."

"அதுக்கு பென்ஷன் இருக்கா?"

சனி, ஞாயிறுகளில் நான் அவளுக்குச் சாரதி. கொழும்பிலிருந்து கொப்பிக் கட்டு ஏற்றிவர வாங்கிய என் பழைய வேன், விஞ்ஞான வாகனமாகப் பதவி உயர்வு பெற்றது. பதுளையிலிருந்து பசறைக்கு வளைந்து வளைந்து போய், அங்கிருந்து ஒரு தோட்டத்துப் பாதையில் ஏற வேண்டும். பாதை என்பது மரியாதைக்குச் சொல்வது. மேலே போனதும் எனக்கு இன்னொரு வேலை காத்திருக்கும்: குடை பிடிப்பது. அவளுக்கல்ல, அவளுடைய லேப்டாப்புக்கு. நான் நனைவேன். இத்தனை புத்தகம் படித்தவன் களிமண்ணுக்கும் மற்ற மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாமல் நிற்பதைப் பார்த்து அவள் இரக்கத்தோடு ஸ்பேனரைக் கையில் கொடுப்பாள். அதையும் தலைகீழாகப் பிடிப்பேன்.

அவள் ஆராய்ச்சி நடந்த இடத்தில் ஒரு தேயிலை மலை. மலையின் அடிவாரத்தை ஒட்டி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளாய் ஒரு பழைய லயம். லயத்துக்குப் பின்னால், மலையிலிருந்து வடியும் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு கான். மலை சரியக்கூடியது என்று அதிகாரிகள் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வேறிடத்தில் புது வீடு வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். மலை இருந்தது, லயம் இருந்தது, புது வீடு மட்டும் வரவேண்டியிருந்தது. அதுவரைக்கும் அந்தச் சனம் மழைக்காலத்தில் என்ன செய்வது? எவ்வளவு மழை பெய்தால் அந்த மலைக்கு ஆபத்து என்று தெரிந்தால், அந்த அளவு வந்ததும் கிளம்பி, கொஞ்சம் தள்ளி மேட்டில் இருக்கும் கோயில் மண்டபத்துக்குப் போய்விடலாம். அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. சொன்னதும் சனம் கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் அளவைக் கண்டுபிடித்து என்ன பிரயோசனம்?

வேனில் போகும்போது அவள் சத்தமாக யோசிப்பாள். பதில் எதிர்பார்க்க மாட்டாள். என்னை அவள் மதித்த விதம் அது. ஒருநாள் வளைவொன்றில் நான் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "மலை திடீர்னு விழறதில்ல சித்தப்பா. அது ரொம்ப நாளா கெளம்பிக்கிட்டே இருக்கு. நமக்குத்தான் திடீர்." இதை எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். பஸ் போனதும் மறந்துவிட்டேன். இப்போதுதான் எழுதுகிறேன்.

ஆராய்ச்சிக்குக் கிடைத்த பணத்தில் வாங்க முடிந்தது ஒரேயொரு மழைமானி. லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவே, ஒரு கம்பத்தில் இடுப்பளவு உயரத்தில் வெள்ளை நிறத்தில் ஓர் உருளை. உச்சியில் புனல். புனலின் நடுவில் சின்ன ஓட்டை. மழைத்தண்ணீர் அந்த ஓட்டை வழியாக இறங்கி, உள்ளே இருக்கும் குட்டிக் கரண்டியை நிரப்பும். நிரம்பினால் கரண்டி கவிழும். எத்தனை தடவை கவிழ்ந்தது என்பதை உள்ளே இருக்கும் சிம் கார்ட் அவளுடைய போனுக்குச் சொல்லிவிடும்.

லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த அம்மாவின் வாசலிலிருந்து பார்த்தால் கம்பம் நேராகத் தெரியும். அதனால் அவர்தான் காவல். கொழுந்தெடுக்கப் போகிற வழியில் ஒரு பார்வை, வருகிற வழியில் ஒரு பார்வை. ஆடு உரசாமல், பிள்ளைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொள்வார். அவருடைய கணவர், தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்காரர். வாயும் அந்தக் கத்தி மாதிரி. முதல் மாதமே மழைமானிக்குப் பெயர் வைத்துவிட்டார்: மிஸ்ஸோட மாப்பிள்ளை.

"வாரா வாரம் வந்து பாக்குறாங்க, தொடச்சு விடுறாங்க, காத வச்சு கேக்குறாங்க. எம் பொண்டாட்டி என்னைய இப்படிப் பாத்து எத்தன வருஷமாச்சு, கேளுங்க சார்."

அந்த அம்மா திரும்பியும் பார்க்காமல், "நீ மொதல்ல அந்த மாதிரி சத்தமில்லாம நில்லு" என்பார்.

முதல் வருட மழைக்காலத்தில், அவள் தோராயமாகக் குறித்துவைத்திருந்த அபாய அளவைக் கோடு தாண்டியது. இவள் போன் எடுத்துச் சொன்னாள். லயத்துச் சனம் பாய், பாத்திரம், பிள்ளைகுட்டி சகிதம் கோயில் மண்டபத்துக்குப் போய் இருந்தது. மலை அசையவில்லை. ஆளில்லாத லயத்துக்குக் காட்டுப்பன்றிகள் வந்து வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த பீன்ஸையும் உருளைக்கிழங்கையும் உழுதுவிட்டுப் போயிருந்தன. "மலை விழும்னாங்க, பீன்ஸ் விழுந்துருச்சு" என்று கவ்வாத்துக்காரர் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் ஆரம்பித்தது பக்கத்துத் தோட்டம்வரை போயிற்று. அதன்பின் மழை கொஞ்சம் பலத்தால் யாராவது ஒருவர் வதந்தி கிளப்புவார், பாதிப் பேர் மண்டபத்துக்குப் போவார்கள், மீதிப் பேர் சிரிப்பார்கள், அடுத்த தடவை போனவர்களும் போக மாட்டார்கள்.

இவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் எல்லோரையும் கூட்டிப் பேசினாள். யாரோ பயந்தால் கிளம்பாதீர்கள், பக்கத்துத் தோட்டத்தில் கிளம்பினார்கள் என்று கிளம்பாதீர்கள், நானே பயந்து சொன்னாலும் கிளம்பாதீர்கள். மெஷின் சொல்ல வேண்டும், மெஷின் சொன்னால் மட்டும் ஒருவர் பாக்கியில்லாமல் கிளம்ப வேண்டும் என்றாள். நல்ல பேச்சு. விஞ்ஞானத்தின் சாரமே அதில் இருப்பதாக எனக்குப் பட்டது. சனமும் சம்மதித்தது. அந்த அம்மா எழுந்து, இன்னொரு தடவை வீணாகப் போய் உட்கார்ந்தால் அதன்பிறகு ஒரு ஈ காக்கா கிளம்பாது மிஸ், பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த வருட ஆயுத பூசைக்கு என் கடையில் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். கல்லாப்பெட்டி, போட்டோகொப்பி மெஷின், வேன். வீட்டில் என் மனைவி கேக் அடுப்புக்கு வைத்தாள். மண் எடைபோடும் தராசுக்கும் வைத்தாள். நான் லேப்டாப்பை நெருங்கியபோது விஞ்ஞானி அவலை மென்றுகொண்டே, "மூடி மேல மட்டும் சித்தப்பா, கீபோர்ட்ல வேணாம்" என்றாள். வைத்தேன். குங்குமமும் வைத்தேன். அன்று வெளியே நல்ல வெயில். அவள் போனைப் பார்த்தாள், நிமிர்ந்து உட்கார்ந்தாள். தோட்டத்தில் மழை பெய்கிறதாம். கொஞ்ச நேரம்தான், ஆனால் பலத்த மழை.

அன்று சாப்பாடு முடியும்வரை எங்களுக்கு விரிவுரை. பதுளையில் வெயில், மலைக்கு மேலே மட்டும் மழை. ஒரு மலையின் மழை அந்த மலைக்கே சொந்தம், பக்கத்து ஊர்க் கணக்கை வைத்து அதை ஊகிக்க முடியாது என்று தான் சொல்லிவருவதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்றாள். மலைச்சரிவில் வெயில் பட்டு, காற்று சூடாகி, மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகி. கையால் காற்றை மேலே ஏற்றிக் காட்டினாள். என் மனைவி பாயாசத்தை நகர்த்தி வைத்தாள்.

அதன்பின் கோடு படுத்துவிட்டது. முதல் இரண்டு மூன்று நாள் பதுளையிலும் மழை இல்லை, யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஐப்பசி மழை வழக்கம்போல மதியத்துக்குமேல் இடியோடு வரத் தொடங்கியது. இங்கே கான்கள் நிரம்பி ஓடின, போனில் பூச்சியம். அவளிடம் அதற்கும் ஒரு விளக்கம் இருந்தது: மலையின் மறைவுப் பக்கம், காற்றின் திசை மாற்றம். முந்தின வாரம் காற்று மேலே ஏறிய அதே கை இப்போது காற்றைப் பக்கவாட்டில் தள்ளியது. கருவி பழுதாக இருக்குமோ என்றும் ஒரு சந்தேகம் அவளுக்கு இருந்தது. சனிக்கிழமை போய்ப் பார்ப்போம் என்றாள். சனிக்கிழமை பிள்ளைகளுக்குச் செய்முறைப் பரீட்சை வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதிப்பெண் கேட்டார்கள். எனக்கும் பாதையில் மண் குழைந்து கிடக்கும் என்ற பயம், வற்புறுத்தவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் வீட்டில் மின்சாரம் இல்லையென்று லேப்டாப்போடு என் கடைக்கு வந்திருந்தாள். கடைக்கு முன்னால் வீதி ஆறாக ஓடியது. தாழ்வாரத்தில் ஒதுங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதையும் வாங்காமல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. கடைசிக் காம்பரா அம்மா.

அவள் ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் பேச்சே கேட்கவில்லை, தகரத்தில் மழை விழுகிற சத்தம்தான். பிறகு அந்த அம்மாவின் குரல், கத்திப் பேசியது.

"மிஸ், கான் நெறஞ்சு வாசலுக்கு வருது. தண்ணி செவப்பா வருது. இவரு மண்ணு வெட்டி ஒதுக்கிப் பாக்குறாரு, நிக்கல. மெஷின் என்ன சொல்லுது?"

அவள் போனில் இன்னொரு பக்கத்தைத் திறந்து பார்த்தாள். எனக்கும் தெரிந்தது. கோடு அடியிலேயே கிடந்தது. பூச்சியம். ஒரு காதில் மழை, கண்ணில் பூச்சியம். அவள் என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்து என்ன பிரயோசனம் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மறுபடி போனைப் பார்த்தாள்.

"அக்கா, மெஷினுக்கு என்னமோ ஆயிருச்சு. அது ஒன்னும் சொல்லல. நான் சொல்றேன், கெளம்புங்க."

அந்த அம்மா திருப்பிக் கேட்டார்: "மிஸ், நீங்களே சொன்னாலும் போக வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன். அது தப்பு. எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போங்க அக்கா. திட்டணும்னா நாளைக்கு வரேன், நேர்லயே திட்டுங்க."

பின்னாலிருந்து கவ்வாத்துக்காரரின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டே: மாப்பிள்ளைக்குக் காய்ச்சலா என்று கேட்டது. இணைப்பு போய்விட்டது.

அவள் அதன்பின் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள், கிடைக்கவில்லை. லேப்டாப்பை மூடினாள். மூடிமேல் நான் வைத்த பொட்டு காய்ந்து பொருக்காகி ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "ஒன்னும் ஆகலன்னா இனி எம்பேச்ச யாரும் கேக்க மாட்டாங்க சித்தப்பா. நான் சொன்னது சரியா தப்பான்னு எனக்கும் தெரியப் போறதில்ல. கணக்கே இல்லையே."

இம்மாதிரி நேரத்தில் சொல்வதற்கென்று எத்தனையோ நல்ல வாக்கியங்களை நான் வாசித்திருக்கிறேன். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன, ஒன்றும் பொருந்தவில்லை. பக்கத்துக் கடையில் இரண்டு பிளேன்டீக்குச் சொன்னேன். அவள் குடித்தாள். அரை மணி நேரத்துக்குப் பிறகு அந்த அம்மாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது, யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை தட்டியிருக்க வேண்டும்: எல்லாரும் மண்டபத்தில்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். அவள் விரிவுரைக்கு லீவு சொல்லிவிட்டாள். அவள் லீவு எடுத்து நான் பார்த்தது அன்றுதான். பசறைக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் மண் இறங்கிக் கிடந்தது. பெக்கோ இயந்திரம் ஒன்று வந்து அள்ளும்வரை காத்திருந்தோம். அவள் இறங்கிப் போய் அந்த மண்ணை ஒரு பொதியில் போட்டுக்கொண்டு வந்தாள். பழக்க தோஷம்.

மலை இருந்த இடத்திலேயே இருந்தது. லயமும் இருந்தது. கான் உடைந்து முற்றமெல்லாம் சேறு, அவ்வளவுதான். சனம் மண்டபத்திலிருந்து திரும்பி வந்து, சேற்றை வாரிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் வாளிகளை நகர்த்தி வழிவிட்டது. திட்டுவதாக இருந்தால் அப்போதே திட்டியிருக்கலாம். இது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவள் நேராகக் கம்பத்துக்கு ஏறினாள். நான் ஸ்பேனரோடு பின்னால். கருவியைக் கண்டதும் இருவரும் நின்றுவிட்டோம்.

வெள்ளை உருளை முழுக்க மூன்று பட்டையாகச் சந்தனக் கோடுகள். மழை கரைத்தது போக மீதியே அவ்வளவு இருந்தது. கழுத்தில் வாடிய செவ்வந்தி மாலை. புனலுக்குள் எட்டிப் பார்த்தால், நட்டநடுவில், உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவே குங்குமம் வைத்து, அதன்மேல் ஒரு செவ்வந்திப் பூ. சந்தனம் காய்ந்து சிமெந்தாக இறுகியிருந்தது. புனல் விளிம்புவரை மழைத்தண்ணீர் நிறைந்து நின்றது, ஒரு துளி கீழே இறங்கவில்லை. பொட்டு வைப்பதென்றால் நடுவில்தான் வைக்க வேண்டும். அந்தக் கருவியில் நடு என்பது ஓட்டை.

அந்த அம்மா சேற்றுக் கையோடு பின்னால் வந்து நின்றார். இவள் முகத்தைப் பார்த்தார், புனலைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது.

"பூசைக்கு வச்சது மிஸ். கத்திக்கு வச்சோம், கூடைக்கு வச்சோம், தராசுக்கு வச்சோம். எங்களுக்காக நிக்கிறது இது. இதுக்கு மட்டும் வைக்காம விட்டா என்ன நெனைக்கும்?"

கவ்வாத்துக்காரர் கீழிருந்தே, நாலு குடம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியது தான்தான், மாப்பிள்ளைக்கு நலங்கு வைத்தது மனைவிதான், யார்மீது குற்றம் என்று மிஸ்ஸே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். நாலு குடம் தண்ணீர். ஆயுத பூசையன்று வெயிலில் பெய்த அந்த மழை, சூடாகி மேலெழுந்த காற்று, எங்கள் பாயாசம் ஆறிப்போன விரிவுரை எல்லாம் என் கண்முன் வந்தன. அவளுக்கும் வந்திருக்க வேண்டும். நான் தேயிலைச் செடிகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். லேப்டாப்பில் இடம் காட்டிச் சந்தனம் வைக்கச் சொன்னவள், எப்படிக் கோபிப்பாள்? தலையிலிருந்து ஊசியை எடுத்து, தண்ணீரைச் சரித்துவிட்டு, சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி எடுத்தாள். "தப்பு என்மேலதான் அக்கா. யாரும் தொடக் கூடாதுன்னு சொன்னேன். ஏன்னு சொல்லல. உள்ள என்ன இருக்குன்னு காட்டவும் இல்ல." அங்கேயே மூடியைக் கழற்றி, குட்டிக் கரண்டியைக் காட்டினாள். ஒரு போத்தல் மூடியால் தண்ணீர் ஊற்றி, அது கவிழ்வதைக் காட்டினாள். அந்த அம்மா குனிந்து பார்த்தார். கணவரும் ஏறி வந்து பார்த்தார். இத்தனை காலம் இவ்வளவுதானா உள்ளே என்று அவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரிந்தது. என் முகத்திலும் தெரிந்திருக்கும். நானும் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு மலையில் மேலே ஏறிப் பார்த்தோம். தேயிலைக்கு நடுவே நிலத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. கையை நுழைக்கலாம். அது முந்தின நாள் வந்ததா, முன்னரே இருந்து செடி மறைத்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கமும் ஆணி அடித்து நாடா கட்டினாள். அந்த வருடத்தின் பெருமழை அந்த மலையில் எவ்வளவு பெய்தது என்பது யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

அவளுடைய பேராசிரியர், பக்கத்து ஊர் மழைக் கணக்கை எடுத்து அந்த இடைவெளியை நிரப்பச் சொன்னார். அப்படிச் செய்வது வழக்கம்தானாம். ஒரு மலையின் மழை அந்த மலைக்கே சொந்தம் என்று எழுதிக்கொண்டிருக்கிற ஆராய்ச்சியில் அதைச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. வெறுமையாக விட்டாள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் என்ன போடுவதென்று ஒரு மாலை முழுக்க யோசித்து, 'உள்ளூர் மக்களால் பூசப்பட்ட சேதனப் பொருளினால் அடைப்பு' என்பதற்குச் சமமான ஆங்கிலத்தை எழுதினாள். என் மனைவி, சந்தனம் என்றே போட்டால் என்ன, உலகத்துக்குத் தெரியாதா என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு கோயில் முற்றத்தில் மறுபடி கூட்டம். இந்த முறை பேச்சு அவ்வளவு சிறப்பாக இல்லை. நடுவில் இரண்டு தடவை தடுமாறினாள். மெஷின் சொன்னாலும் கிளம்புங்கள், மெஷின் சும்மா இருந்து கான் வாசலுக்கு வந்தாலும் கிளம்புங்கள், வீணாகப் போனாலும் போகட்டும், திரும்பி வந்து என்னைத் திட்டிக்கொள்ளலாம் என்றாள். மெஷின், மிஸ், கான், பொண்டாட்டி, ஆக நாலு பேர் சொல் கேட்க வேண்டுமா என்று கவ்வாத்துக்காரர் கணக்கெடுத்தார். பிளேன்டீ கொடுத்தார்கள், குடித்தோம், வந்தோம். சனம் நம்பியதா என்று அவள் கேட்டாள். டீயில் சீனி சரியாக இருந்தது என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே அளவை அதுதான்.

மார்கழியில் பெருமழை வந்தது. பகல் முழுக்க விடவில்லை. சமையலறையில் அவள் நின்றுகொண்டு இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோடு அபாய அளவைத் தாண்டியது. தட்டை வைத்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் போன் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த அம்மா எடுத்தார்.

"அக்கா, கெளம்பணும்."

"சரி மிஸ்."

அவ்வளவுதான். மெஷின் என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. யார் சொல்வது என்றும் கேட்கவில்லை. உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டு, பக்கத்துக் காம்பராக்களுக்குச் சொல்லச் சொன்னது கேட்டது. ஒரு குழந்தை அழுதது, ஒரு தகரப் பெட்டி இழுபட்டது. பிறகு அந்த அம்மா மறுபடி போனுக்கு வந்தார்.

"மிஸ், மண்டபத்துல பிளக் பாயிண்ட் ஒன்னுதான் இருக்கு. போன தடவ போன் சார்ஜ் போட அடிபுடி சண்ட. நாளைக்கு வரப்ப சித்தப்பாகிட்ட சொல்லி நீளமா ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் கொண்டாறீங்களா?"

கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். மிச்ச இடியப்பத்தை உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் குடையை எடுத்துக்கொண்டு, பஸார் கடைகள் சாத்துமுன் வயர் வாங்கக் கிளம்பினேன்.